கோதுமை ஒவ்வாத குடல்

கோதுமை, பார்லி ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. சிலர் அதனை உண்டால், அவர்தம் உடலின் நோய் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைத் தாக்கிச் சிதைக்கும். உண்ட உணவின் சத்து உடலில் சேராது, வளரிளம் பருவத்தினரின் வளர்ச்சி குன்றும், இரத்தசோகை தோன்றும். இதுவே சீலியாக் நோய்.

இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே இதற்குத் தீர்வாகும். அரிசி, கேழ்வரகு, தினை ஆகியன ஏற்றவை. பரோட்டா, ரவை மட்டுமன்றி, கோதுமை மாவு கலந்த பெருங்காயமும் தீங்கு தரும்.

வீட்டில் பெற்றோர் காப்பர். நண்பர்களோடு உண்ணும்போது பிள்ளையே தன்னைக் காத்துக்கொள்ளுதல் வேண்டும். எனவே, உணவுப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்கவும், 'வேண்டாம்' எனத் தயங்காது மறுக்கவும் பெற்றோர் பழக்குதல் நன்று. காரணம் அறிந்து வற்புறுத்தாதிருப்பது நண்பர்தம் கடமை.