கிளினிக்கையும் தரம் பார்த்தே நம்ப வேண்டும்



வத்தல் மூட்டை வந்து இறங்கினால், கைவிட்டு அடியில் உள்ளதையும் எடுத்துப் பார்க்காமல் நாம் பணம் கொடுப்பதில்லை. மல்லியை முகர்ந்து பார்க்கிறோம். தராசில் முத்திரை உண்டா என்று கவனிக்கிறோம். ஆனால் வீட்டாருக்கோ, கடைச் சிப்பந்திக்கோ காய்ச்சல் என்றால், அருப்புக்கோட்டையானாலும் திருச்சுழியானாலும், கூட்டம் அதிகம் உள்ள கிளினிக்கில் போய் உட்கார்ந்து விடுகிறோம். கூட்டம் தரத்துக்குச் சான்று ஆகாது.

கவனக்குறைவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மாவட்டமே கண்டது. 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது தெரிய வந்தது. சிவகாசி அரசு இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம் அது. அதே ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், தகுதியற்ற ஒருவர் ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டதால் அக்கிருமி பரவியதாகச் சுகாதாரத் துறை கூறியது. இரத்தம் சோதிப்பதை நாம் நின்று பார்க்க முடியாது. ஆனால் ஊசியைப் பார்க்க முடியும். நம் கண்ணால் பார்க்கக் கூடியவை ஐந்து:

1. பதிவுச் சான்றிதழ்: 1997ஆம் ஆண்டுச் சட்டம், 2018ஆம் ஆண்டு விதிகளின்படி தனியார் கிளினிக்குகள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் சுவரில் இருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

2. டாக்டரின் பதிவு எண்: மருத்துவக் கவுன்சில் கொடுத்த எண் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளை விட இந்த எண்ணே முக்கியம்.

3. ஊசி: புதிய உறையை நம் கண் முன்னே பிரிக்க வேண்டும். ஊசியை மட்டும் மாற்றி, பழைய சிரிஞ்சையே பயன்படுத்துவதும் ஆபத்துதான். போட்டு முடித்த ஊசி, குத்தினாலும் துளை விழாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். குப்பைக் கூடையில் கிடந்தால் எழுந்து வந்து விடுங்கள்.

4. மருந்து: பெயரில்லாத பொட்டலத்தில் மாத்திரை கொடுத்தால் வாங்க வேண்டாம். சீட்டில் பெயரும், அட்டையில் காலாவதித் தேதியும் தெரிய வேண்டும்.

5. மேல் சிகிச்சை: பாம்புக்கடி, நெஞ்சுவலி என்று வந்தால், நேரம் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவரே நல்ல டாக்டர். 108 ஆம்புலன்ஸை அழைக்க அங்குள்ளவர்கள் தயங்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊசி போட்டால்தான் குணமாகும் என்று நம்மில் பலர் கேட்டு வாங்கிப் போட்டுக் கொள்கிறோம். மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னால், அதோடு விட்டுவிடுவதே நல்லது.

குறை கண்டால், மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். விசாரிப்பது மரியாதைக் குறைவு அல்ல. நம் கடையில் தேதி பார்த்துச் சரக்கு வாங்கும் வாடிக்கையாளரிடம் நாம் கோபித்துக் கொள்வதில்லையே! உண்மையான டாக்டரும் கோபித்துக் கொள்ள மாட்டார். கெட்ட சரக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம். உடம்பை அப்படி அனுப்ப முடியாது.

— ஒரு மொத்த வியாபாரி, அருப்புக்கோட்டை