செத்த ஆட்டுக்கு என்ன விலை?

மேச்சேரி சந்தைப் பக்கம் போயிருக்கீங்களா பாஸ்? செம்பழுப்பு கலர்ல, குட்டை முடியோட, கொம்பே இல்லாம ஒரு செம்மறி கூட்டம் நிக்குமே... அதுதான் மேச்சேரி ஆடு. ஊர் பேரே இனத்தோட பேர்! கம்பளி தராது. ஆனா அதோட தோலுக்கு வியாபாரிங்ககிட்ட தனி மவுசு. பக்கத்துல பொட்டனேரியில இந்த இனத்துக்குன்னே ஆராய்ச்சி நிலையம் நடக்குது.

அந்தத் தோல்தான் இன்னிக்கு மேட்டர்.

நேத்து சாயங்காலம் வரைக்கும் ஜோரா மேய்ஞ்ச ஆடு, விடிஞ்சு பார்த்தா பட்டியில செத்துக் கிடக்கு. வீட்ல என்ன சொல்வாங்க? மழை பெஞ்சு புதுப்புல் முளைச்ச நேரமா இருந்தா 'துள்ளுமாரி'ம்பாங்க. இல்லேன்னா 'பாம்பு கடிச்சிருக்கும்'. கொஞ்ச நேரத்துல ஒருத்தர் வந்து நிப்பார். "உடம்பு இன்னும் சூடாத்தானுங்க இருக்குது. பாதி விலைக்குக் குடுத்துருங்க. தோலாச்சும் தேறுமில்லீங்க?" அப்பா யோசிப்பார். யோசிக்காம என்ன பண்ணுவார்? உங்க செமஸ்டர் ஃபீஸ் அந்தப் பட்டியிலதானே நாலு கால்ல நிக்குது!

அந்த இடத்துல நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். 'அடைப்பான்'.

இங்கிலீஷ்ல சொன்னா உடனே புரியும்... ஆந்த்ராக்ஸ். 2001-ல் அமெரிக்காவுல தபால் கவர்ல பவுடரா வந்து 22 பேரைப் பிடிச்சு, 5 பேரைக் கொன்ன அதே கிருமி. (உங்கள்ல பல பேர் அப்ப பிறந்திருக்கவே மாட்டீங்க.) அதனாலயே இது ஏதோ லேப்ல செஞ்ச ஆயுதம்னு நிறைய பேர் நினைச்சுட்டாங்க. ஆனா இது பக்கா கிராமத்து நோய். மண்ணுல இருந்து ஆடு மாட்டுக்கு, அதுங்ககிட்ட இருந்து நமக்கு, திரும்பவும் மண்ணுக்கு... இதுதான் அதோட ரூட்.

மேச்சேரியில நோய் வந்துருச்சுன்னு சொல்ல வரலை, பதறாதீங்க. ஆடு இருக்கிற எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

துள்ளுமாரியும் திடீர்னு கொல்லும், அடைப்பானும் திடீர்னு கொல்லும். அங்கதான் சிக்கல். அடைப்பான்ல செத்திருந்தா மூக்கு, வாய், ஆசனவாய் வழியா உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் கசியலாம். வயிறு சட்டுனு உப்பும், உடம்பு சரியா விறைக்காது. ஆனா எல்லா ஆட்டுலயும் இந்த அடையாளம் தெரியணும்னு இல்லை. கால்நடை டாக்டர் காது நரம்புல இருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்த்தாதான் குட்டு வெளிப்படும்.

அதுவரைக்கும் கத்தி படக்கூடாது. ஏன்? ஆட்டோட உடம்புக்குள்ள இருக்கிற வரைக்கும் இந்தக் கிருமி சாதாரண பாக்டீரியாதான். உடம்பு அழுக அழுக அதுவும் சாகும். ஆனா அறுத்துட்டா ரத்தம் வெளியில வரும், காத்து படும். ஆக்சிஜன் கிடைச்சதும் கிருமி தன்னைச் சுத்தி கெட்டியா ஒரு ஓடு கட்டிக்கும். விதை மாதிரி! வெயில், குளிர், வறட்சி எதுவும் அதை அசைக்காது.

எவ்வளவு நாள் தாங்கும்கிறீங்க? 1942-ல் பிரிட்டிஷ்காரங்க ஸ்காட்லாந்துல குருனார்ட்னு ஒரு குட்டித் தீவுல, செம்மறி ஆடுங்களைக் கட்டிவச்சு இந்தக் கிருமி குண்டைச் சோதிச்சாங்க. ஆடு செத்துச்சு. தீவும் செத்துச்சு. டன் கணக்குல ஃபார்மால்டிஹைடு ஊத்திக் கழுவி, 'இனி போகலாம்'னு அறிவிச்சது 1990-ல்! பள்ளம் தோண்டிப் புதைச்சாலும் ஆழம் பத்தலைன்னா, மண்புழுவே கிருமியை மேல கொண்டு வந்துடும்னு லூயி பாஸ்டர் அப்பவே சொல்லியிருக்கார்.

அந்த பாஸ்டர்தான் 1881-ல் ஃபிரான்ஸ்ல ஊரைக் கூட்டி ஒரு பந்தயம் கட்டினார். தடுப்பூசி போட்ட 24 செம்மறி, போடாத 24 செம்மறி, எல்லாத்துக்கும் அடைப்பான் கிருமி ஊசி. போடாத 24-ம் காலி. போட்ட 24-ம் கம்பீரமா நின்னுச்சு. இன்னிக்கு அந்தத் தடுப்பூசிக்கு நாம ஃபிரான்ஸுக்குப் போக வேணாம். 1932-ல் ராணிப்பேட்டையில ஆரம்பிச்ச அரசு நிறுவனமே தயாரிக்குது. நோய் வந்த வரலாறு இருக்கிற ஊர்கள்ல வருஷா வருஷம் போடறாங்க.

சரி, மனுஷனுக்கு எப்படி வருது? பெரும்பாலும் கை வழியாத்தான். தோல் உரிக்கும்போது விரல்ல சின்ன கீறல் இருந்தா போதும். முதல்ல பூச்சி கடிச்ச மாதிரி அரிக்கும், கொப்புளமாகும், அப்புறம் நடுவுல கரி மாதிரி கறுத்துடும். ஆந்த்ராக்ஸ்ங்கிற பேரே கிரேக்க மொழியில கரியைக் குறிக்கிற சொல்லுதான். இதுல மோசமான விஷயம்... வலிக்காது! வலிக்கலையேன்னு விட்டா, அஞ்சுல ஒருத்தர் வரைக்கும் உயிர் போகலாம். சீக்கிரம் போனா ஆன்டிபயாடிக்ல குணமாயிடும். சரியா வேகாத கறியைச் சாப்பிட்டாலும், கிருமியை மூச்சுல இழுத்தாலும் நிலைமை இன்னும் சீரியஸ்.

கேரளாவுல 2022 ஜூன்ல அதிரப்பள்ளிக் காட்டுல காட்டுப்பன்னிங்க செத்தது அடைப்பானாலதான்னு தெரிஞ்சதும், உடல்களைக் கையாண்ட ஆட்களைக் கண்காணிப்புல வச்சு முன்கூட்டியே மருந்து குடுத்தாங்க. காட்டுப்பன்னிக்குக் காட்டின அந்த ஜாக்கிரதையை நம்ம பட்டி ஆட்டுக்கும் காட்டலாமே?

அதனால, ஆடு காரணம் தெரியாம செத்தா உரிக்காதீங்க, விக்காதீங்க. நாய் இழுக்காம பார்த்துக்கிட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கோ, 1962-க்கோ போன் போடுங்க. 2009-ம் வருஷத்துச் சட்டப்படி அடைப்பான்னு சந்தேகம் வந்தா தகவல் சொல்றது உரிமையாளரோட கடமையும்கூட. அப்பா ஒத்துக்க மாட்டாரா? நியாயத்தைப் பேசாதீங்க, கணக்கைப் பேசுங்க. ஒரு ஆட்டோட பாதி விலைக்கு ஆசைப்பட்டு பட்டி வாசல்லயே ரத்தத்தைச் சிந்தினா, மிச்ச ஆடுங்க மேயப்போறது அந்த மண்ணுலதான்.

அறுத்து முடிச்ச அப்புறம்தான் இதைப் படிக்கிறீங்கன்னா, கை, முகத்துல புண்ணு வருதான்னு கொஞ்ச நாளைக்குக் கவனிங்க. வந்தா டாக்டர்கிட்ட "எங்க ஆடு செத்துச்சு, நான்தான் தோல் உரிச்சேன்"னு எடுத்த எடுப்புலயே சொல்லிடுங்க. இந்தப் புண்ணை அவர் பாடப்புத்தகத்துப் படத்துல மட்டுமே பார்த்திருக்க வாய்ப்பு அதிகம்.