மலைத்தடத்தில் ஜீப் நின்றால்



நம் மருத்துவமனையின் ஜீப்பைக் குறித்து உங்களில் பலர் விசாரிக்கிறீர்கள். "இவ்வளவு பழைய வண்டியை வைத்துக்கொண்டு ஏன் சிரமப்படுகிறீர்கள்? விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமே" என்று அக்கறையோடு கேட்டவர்களும் உண்டு. உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி இந்த வண்டிக்குச் செலவாவதால் இதற்குப் பதில் சொல்வது எங்கள் கடமை. அது எதனால் நிற்கிறது, நின்றால் நாங்கள் எப்படிப் பழுதைக் கண்டுபிடிக்கிறோம் என்பதை விளக்கினால் பதில் தானாக விளங்கும். உங்கள் வீட்டிலும் பழைய வண்டி ஏதேனும் இருந்தால் இது உங்களுக்கும் பயன்படலாம்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-ஆம் ஆண்டு தொடங்கியது. அதன்பின் தார்ச்சாலை உள்ள ஊர்களுக்கு எங்கள் ஜீப் போகவேண்டிய தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம், தலமலை வட்டாரத்திலும் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையிலும் தார்ச்சாலை முடிந்த பிறகும் ஊர்கள் உண்டு. அங்கே கல்லும் சேறுமான தடம்தான். பிரசவ வலி கண்ட தாயையும் பாம்பு கடித்தவரையும் அந்தத் தடத்திலிருந்து சாலை வரைக்கும் இறக்கிக் கொண்டுவர வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கிற, உயரமான அடிப்பாகமுள்ள வண்டிதான் அதற்கு உதவும்.

மருத்துவ ஊழியத்துக்கும் வண்டிக்கும் உள்ள தொடர்பு பழையது. 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு பணியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், பின்னர் மாட்டு வண்டியிலும் அதன்பின் மோட்டார் காரிலும் கிராமங்களுக்குப் போய்ச் சாலையோரத்திலேயே நோயாளிகளைப் பார்த்தார். ஜீப் நம் நாட்டுக்குப் பரவலாக வந்தது அதற்கு வெகு காலம் கழித்து. 1947-இல் மஹிந்திரா நிறுவனம் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்குமதி செய்து மும்பையில் பூட்டத் தொடங்கியது. 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்த சி.ஜே.-3பி என்ற மாதிரியைப் பின்னர் இங்கேயே தயாரித்தார்கள். பானட் உயரமாகத் தெரிகிற ஜீப் அதுதான். அதில் வைத்த எஃப்-ஹெட் என்ஜின் முந்தைய என்ஜினைவிட உயரமானது; அதனால் பானட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று.

எங்களிடம் இருப்பது அந்த வகைப் பெட்ரோல் வண்டி. நான்கு சிலிண்டர், சுமார் 2.2 லிட்டர் என்ஜின். கம்ப்யூட்டரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. ஆகவே பழுது இன்னதென்று கருவி சொல்லாது. கண்ணும் காதும் மூக்கும் கையும்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஓட்டுநர் தமது கொங்குப் பேச்சில், "வண்டி முன்னாடியே சொல்லிப்போடுதுங்க ஐயா, நாமதான் காது குடுக்கோணுமுங்க" என்பார். அவர் இரண்டு விதிகளை விடாமல் கடைப்பிடிக்கிறார். முதலாவது, வரிசையாகப் பார்ப்பது. இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. நான்கு மருந்தை ஒன்றாகக் கொடுத்தால் எதனால் குணமாயிற்று என்று டாக்டருக்குத் தெரியாது அல்லவா? வண்டியும் அப்படித்தான்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால்

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். விளக்கு மங்கி அணைகிறாற்போல் ஆனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பூத்திருக்கிறது. விளக்கு மங்காமல் இருந்து என்ஜினும் சுற்றாவிட்டால் செல்ஃப் சுவிட்சையும் அதற்குப் போகும் வயரையும் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கு வருகிற எர்த் வயரின் போல்ட்டில் துரு ஏறியிருந்தாலும் இதே தொல்லைதான். ஓர் உப்புத்தாளும் ஒரு ஸ்பேனரும் இருந்தால் அதைச் சரிசெய்துவிடலாம். இதைப் பார்க்காமல் புது பேட்டரி வாங்கிவிடுகிறவர்கள் பலர்.

என்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் இரண்டு காரணங்களே பெரும்பாலும் உண்டு: பொறி வரவில்லை, அல்லது பெட்ரோல் வரவில்லை. முதலில் பொறியைத்தான் பார்க்க வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றிச் சிந்திய பிறகு பொறியைச் சோதித்தால் தீப்பிடிக்கும்.

ஒரு பிளக் வயரைக் கழற்றி, ரப்பர் பிடியால் பிடித்து, அதன் முனையை என்ஜினின் இரும்பிலிருந்து ஓர் அரிசி நீளம் தள்ளி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். 'சடக் சடக்' என்று நீலப்பொறி பாய்ந்தால் பழுது அங்கே இல்லை. மஞ்சளாக மங்கிய பொறி வந்தாலும், பொறியே வராவிட்டாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே பாயின்ட் கருகியிருக்கும். அல்லது இடைவெளி குறைந்திருக்கும். அந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிளக்கின் இடைவெளி முக்கால் மில்லிமீட்டர். பாயின்ட் அடிக்கடி கருகினால் கன்டென்சர் கெட்டுவிட்டது என்று அர்த்தம். பிளக் வயர்களை மாற்றிப் போட்டுவிடாதபடி 1-3-4-2 என்ற வரிசையைப் பானட்டின் உட்புறம் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறோம்.

கழற்றிய பிளக்கின் நிறமும் பேசும். இளம் பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது சோக் தள்ளப்படாமல் இருக்கிறது. எண்ணெய் வழிந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

ஓடும்போது நின்றால்

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, பிரசவ வலியோடு ஒரு தாயை ஏற்றிக்கொண்டு மலைத்தடத்தில் வந்துகொண்டிருந்தோம். எதிரே வருவது தெரியாத பனிமூட்டம். வண்டி இரண்டு முறை இழுத்துப்பிடித்துவிட்டு நின்றுபோயிற்று. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஓட்டுநர் நேரே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே ஈரம் பூத்திருந்தது. மூடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். அதன் வழியாகப் பொறி கசிந்துகொண்டிருந்தது. உலர்ந்த துணியால் துடைத்து, உதிரிப் பெட்டியிலிருந்த மாற்று மூடியைப் பூட்டினார். பத்து நிமிடத்துக்குள் கிளம்பினோம். குழந்தை மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் பிறந்தது. அன்றைய மதியமே என்ஜின் சற்று விட்டுவிட்டு ஓடியதைக் கவனித்து, மாற்று மூடி பெட்டியில் இருக்கிறதா என்று அவர் பார்த்து வைத்திருந்தார்.

கோடையில் வருவது வேறு தொல்லை. ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்து போகும்போது காற்றோட்டம் குறைந்து, பெட்ரோல் குழாய் என்ஜின் சூட்டில் கொதித்து, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைப் பம்ப் தள்ளாது, வண்டி நின்றுவிடும். இதற்கு வேப்பர் லாக் என்று பெயர். பொறி சரியாக இருந்து, சூடான வண்டி ஏற்றத்தில் நின்று, அரைமணி கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனால் இதுதான் காரணம். பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போட்டால் சீக்கிரம் ஆறும். குழாயைச் சைலன்சர் பக்கத்திலிருந்து தள்ளிக் கட்டுவதே நிரந்தரத் தீர்வு.

கொதித்தால்

பன்னாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40. இரண்டு பாதைகளும் 1000 மீட்டருக்கு மேல் ஏறுகின்றன. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். சமவெளியில் 100 டிகிரியில் கொதிப்பது மலை உச்சியில் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். இதை ஈடுகட்டத்தான் ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். பிரஷர் குக்கரைப் போல அது உள்ளே அழுத்தத்தை வைத்துக் கொதிநிலையைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. ரப்பர் வாஷர் தேய்ந்த பழைய மூடியால் இது நடவாது. ஆகவே வண்டி கொதித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விலை குறைந்த அந்த மூடியை, அடுத்து ஃபேன் பெல்ட்டை, அதன்பின் ஹோஸ்களை.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறிய பிறகு திறந்து, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட் விரிந்துவிடும்.

நம் பகுதியின் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அது சுடவைக்கிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டர் குழாய்களிலும் அதே படிவு ஏறி அடைத்துவிடும். எனவே டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்துதான் ஊற்றுகிறோம். அவசரத்துக்குச் சிறுவாணித் தண்ணீரோ மழைநீரோ பரவாயில்லை. எங்கும் ஒழுகாமல் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, வெள்ளைப் புகையும் வந்து, ஆயில் மோர் போல வெளுத்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது.

பிரேக்கும் ஸ்டியரிங்கும்

என்ஜின் நின்றால் பயணம் நிற்கும். பிரேக் நின்றால் உயிர் போகும். பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் ஆயில் பாதைதான். ஒரு சக்கரத்து ஹோஸ் வெடித்தாலும் நான்கிலும் பிரேக் இராது. பெடல் பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று. அழுத்திப் பிடிக்கையில் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் பழுது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஏதோ ஒரு வீல் சிலிண்டர் கசிந்து லைனிங்கில் பட்டிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியது இறக்கத்துச் சூட்டில் கொதித்துக் குமிழியிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுகிறோம். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்பது எங்கள் ஓட்டுநருக்குக் கட்டளை.

ஸ்டியரிங் திடீரென்று கிடுகிடுவென ஆடினால் டை ராட் முனைகளும் கிங்பின் பேரிங்குகளும் தேய்ந்திருக்கின்றன. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் தெரிந்துவிடும்.

இன்றைய பெட்ரோல்

ஒரு புதிய சங்கடமும் சேர்ந்திருக்கிறது. 2025-இல் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை வந்தது. 2023 ஏப்ரல் முதல் வரும் புது வண்டிகள் இதைத் தாங்கும் பொருட்களால் ஆனவை. பழைய ஜீப்பின் ரப்பர் ஹோஸும் பம்பின் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறி உப்பி வெடித்துப்போகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நாள்கணக்கில் நின்ற வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ்களை மாற்றிவிட்டோம். டேங்கைக் காலியாக நிற்கவிடுவதில்லை. பெட்ரோல் ஃபில்டரை அடிக்கடி மாற்றுகிறோம்.

எதுவரை பழுதுபார்ப்பது?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறோம். தனியார் வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தபின் 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைச் செய்து வருகிறோம். ஆனால் எங்களுக்குச் சட்டத்துக்கு மேலும் ஓர் அளவுகோல் உண்டு. சேஸிஸில் விரிசல் விழுந்தாலோ, பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் நம்பத்தக்கதாக ஆக்க முடியாமற்போனாலோ, அன்றே இந்த ஜீப்பை நிறுத்திவிடுவோம். பழமைமேல் உள்ள பாசத்துக்காக ஒரு நோயாளியை அதில் ஏற்ற மாட்டோம்.

அந்த நாள் வரும்வரை இதை ஓட்டுவதில் நியாயம் உண்டு. தடத்தில் நின்றால் தடத்திலேயே பழுது பார்க்க முடிகிற வண்டி இது. கடையில் கிடைக்காத பாகத்தைக் கோவையில் கடைந்து தருவார்கள். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி-பழனித் தடத்தில் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு அவர்களின் ஊர் இது. கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள லேத் பட்டறைகளில் தேய்ந்த புஷ்ஷைக் காட்டினால் அளவெடுத்து அதேபோல் செய்து கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பும் காணிக்கை பெரும்பாலும் சிறிய பொருள்களாகவே இந்த வண்டிக்குள் போகிறது: ஒரு ஃபேன் பெல்ட், ஒரு ரேடியேட்டர் மூடி, ஒரு செட் பாயின்ட், இரண்டு ஹோஸ், ஒரு டின் பிரேக் ஆயில். ரசீதில் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். அன்று பனிமூட்டத்தில் நின்ற வண்டியைக் கிளப்பியது அப்படிப்பட்ட ஒரு பொருள்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் சிலருடைய தோட்டத்துச் சாளையில் ஓடாத பழைய பெட்ரோல் ஜீப் நின்றுகொண்டிருக்கலாம். அதைப் பழைய இரும்புக்குப் போடுமுன் எங்களுக்குச் சொல்லுங்கள். நல்ல டிஸ்ட்ரிபியூட்டரோ, கார்புரேட்டரோ, ஒரு ஜோடி பிரேக் டிரம்மோ கிடைத்தால்கூட எங்களுக்கு அது பெரிய உதவி. மலைத்தடத்தில் வண்டி ஓட்டுகிற எங்கள் ஓட்டுநரையும், அதில் படுத்துவருகிறவர்களையும் உங்கள் ஜெபத்தில் தாங்குங்கள்.