கூட்டுக்குள் வந்த பகை

பறவைக் கூடு என்றதும் தாயின் அரவணைப்பும் குஞ்சுகளின் பாதுகாப்புமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பசிபிக் பெருங்கடலிலுள்ள கலாபகோஸ் தீவுகளில் கூடே குஞ்சுகளுக்கு ஆபத்தாகிவிட்டது. அங்கு வாழும் 'டார்வின் குருவி'களின் கூட்டில் ஓர் ஈ முட்டையிடுகின்றது. அதன் புழுக்கள் பகலில் கூட்டின் அடியில் ஒளிந்திருந்து, இரவில் குஞ்சுகளின் இரத்தத்தைக் குடிக்கின்றன. பல கூடுகளில் ஒரு குஞ்சுகூடப் பிழைப்பதில்லை.

ஒட்டுண்ணிகள் இயற்கைக்குப் புதியவை அல்ல. நெடுங்காலம் அவற்றோடு வாழும் பறவையினம், தலைமுறை தலைமுறையாகத் தற்காப்பு வழிகளைப் பெறுகின்றது. இந்த ஈயோ வெளியிலிருந்து வந்தது. மனிதரின் போக்குவரத்தோடு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. 1964இல் அங்கே பிடிக்கப்பட்ட பூச்சிகளுள் அது இருந்தது. அதன் புழுக்கள் கூடுகளில் கண்டறியப்பட்டது 1997இல்தான். பரிணாமத்தின் கணக்கில் இது கண்சிமிட்டும் நேரம். தற்காப்பைப் பெற அக்குருவிகளுக்குக் காலம் போதவில்லை.

2014இல் வெளியான ஓர் ஆய்வு நமக்கு நம்பிக்கை தருகின்றது. ஆய்வாளர்கள் பூச்சிக்கொல்லி தோய்த்த பஞ்சைக் குருவிகள் வாழும் இடத்தில் வைத்தார்கள். குருவிகள் அதைத் தாமே எடுத்துச் சென்று கூட்டில் செருகின. ஒரு கிராம் பஞ்சு சேர்ந்த கூடுகளில் புழுக்கள் ஏறக்குறைய இல்லாமற்போயின.

பஞ்சு மட்டுமே முழுத் தீர்வாகாது. ஆயினும், நம் வழியாகப் பிறர் வீட்டுக்குள் துன்பம் நுழைந்திருந்தால், அதை நீக்கும் பொறுப்பும் நமதன்றோ? சிந்திப்போம்.