புதிய தரை ஓடுகளில் படியும் சிமெண்டுப் படலம்

கிள்ளையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வீடுகளிலேயன்றி அங்கன்வாடி, நியாய விலைக் கடை, பொதுக் கழிப்பிடம் முதலிய கட்டடங்களிலும் இப்போது 'டைல்ஸ்' எனப்படும் மெருகோடுகள் பதிக்கப்படுகின்றன. வேலை முடிந்த மறுநாள் அவற்றின்மேல் சாம்பல் பூத்தாற்போல் ஒரு வெண்படலம் தெரிகிறது. ஈரத்துணியால் துடைத்தால் மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் தோன்றுகிறது. ஆசிட் ஊற்றிக் கழுவினாலன்றி இது போகாது என்பது பலருடைய எண்ணம். அவ்வெண்ணத்தால் விளையும் கேடு பெரிது.

ஓடுகளின் இடுக்குகளை அடைக்கக் கொத்தனார் இடும் கலவையில் சிமெண்டு, நுண்ணிய கல்மாவு, வண்ணப்பொடி ஆகியன உள்ளன. அதனை ரப்பர் பலகையால் இழுத்து இடுக்குகளில் திணிக்கும்போது ஓட்டின் முகத்திலும் மெல்லிய பூச்சு தங்கிவிடுகிறது. சிமெண்டு நீரோடு கூடி இறுகும் பொருளாதலின், அன்றே துடைக்காவிடில் அப்பூச்சும் கல்லாகிவிடும்.

ஆகவே துடைக்க வேண்டிய காலம் மறுநாள் அன்று. கலவை இட்ட 15 முதல் 30 நிமிடங்களுக்குள்ளாகும். விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், நன்கு பிழிந்த பஞ்சினால் இடுக்குகளுக்குக் குறுக்கே சாய்வாகத் துடைக்க வேண்டும். இடுக்கின் வழியே இழுத்தால் கலவை பெயர்ந்து வரும். நீர் சொட்டும் பஞ்சினால் துடைத்தாலோ கலவை வலுவிழந்து நிறமும் வெளிறும். அலச ஒரு வாளியும் தூய நீருக்கு ஒரு வாளியும் தேவை. ஓரிரு மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் அழுந்தத் தேய்த்தால் எஞ்சிய தூளும் அகலும். பழைய வேட்டியே இதற்குப் போதும். அறை முழுவதும் கலவையிட்டு மாலையில் துடைக்கும் வழக்கத்தை விட்டு, ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தை முடித்தபின் அடுத்ததற்குச் செல்லுமாறு கொத்தனாரிடம் சொல்லுதல் நலம்.

நம் கடலோரத்திற்கு மற்றொரு சங்கடமும் உண்டு. உவர்நீரில் கலவையைக் குழைத்தாலும் அந்நீராலேயே கழுவினாலும் உப்புப் பூக்கும். இது வேறு, சிமெண்டுப் படலம் வேறு. நல்ல நீரில் கரைவது உப்பு. கரையாமல் நிற்பது சிமெண்டு. இரண்டிற்கும் குடிக்கத் தகுந்த நீரை உபயோகிப்பதே பரிகாரம்.

படலம் இறுகிவிட்டால், கலவை இட்டுப் பத்து நாட்களேனும் கழித்து, மளிகைக் கடை வினிகர் ஒரு பங்குடன் நீர் ஐந்து பங்கு சேர்த்து, முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்க்கலாம். இடுக்குகளை முன்னதாக நல்ல நீரால் நனைத்துக்கொண்டால் புளிப்பு உள்ளிறங்காது. தேய்த்தவுடன் நன்றாகக் கழுவிவிட வேண்டும். ஆத்தங்குடி ஓடு, கடப்பைக் கல், சலவைக் கல் ஆகியவற்றில் வினிகரும் கூடாது. அவற்றையே அது அரிக்கும்.

கடையில் புட்டியில் விற்கும் ஆசிட் படலத்தைக் கரைப்பது உண்மையே. ஆயின் படலமும் இடுக்கிலுள்ள கலவையும் ஒரே பொருள். ஆசிட் இரண்டையும் வேறுபடுத்தி அறியாது. இடுக்கு அரிக்கப்பட்டால் நீர் உள்ளே இறங்கும். கழிப்பிடத் தரைகளில் ஓடுகள் சில ஆண்டுகளிலேயே பெயர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. ஊராட்சிகளில் பிளீச்சிங் பவுடர் எப்போதும் கையிருப்பில் இருக்கும். ஆசிட் ஊற்றிய தரையில் அதனைத் தூவினால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே ஜெர்மானியப் படை நச்சுப்புகையாக ஏவியது இவ்வாயுவையே. சன்னலில்லாச் சிறு கழிப்பறையில் இது மூச்சை அடைத்து உயிரையும் கவரும். தூய்மைப் பணியாளர் கையில் இவ்விரண்டையும் ஒருசேரக் கொடுத்தல் கூடாது. ஒரே அலமாரியில் வைத்தலும் ஆகாது.

பொதுக் கட்டடங்களில் இறுதிப் பட்டியலுக்காக அளவுப் புத்தகம் எழுதப்படுமுன், உறுப்பினர்கள் தரை நன்கு உலர்ந்திருக்கும் வேளையில் சென்று, வாயிற்புற வெளிச்சத்தில் சாய்வாகக் குனிந்து பார்ப்பார்களாக. நனைத்து வைத்த தரையில் படலம் தெரியாது.