அவையில் தோற்காமலே பதவி இழந்தவர்: டாக்டர் கான் சாகிபின் அரசியல் வாழ்க்கை

பாகிஸ்தான் பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 1947 ஆகஸ்ட் 22 அன்று வடமேற்கு எல்லைப்புற மாகாண அரசை ஆளுநர் ஜார்ஜ் கன்னிங்ஹாம் பதவிநீக்கம் செய்தார். உத்தரவு கராச்சியிலிருந்து, கவர்னர் ஜெனரல் முகமது அலி ஜின்னாவிடமிருந்து வந்திருந்தது. சட்டமன்றம் கூட்டப்படவில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் எதுவும் வரவில்லை. முந்தைய ஆண்டுத் தேர்தலில் 50 இடங்களில் 30-ஐ வென்ற கட்சியின் அரசு அது. புதிய நாட்டில் கலைக்கப்பட்ட முதல் மாகாண அரசும் அதுதான். அன்று பதவி இழந்தவர் டாக்டர் கான் சாகிப்.

‘எல்லை காந்தி’ அப்துல் கஃபார் கானின் அண்ணன் என்ற ஒரே வரியில் இவரைப் பலரும் கடந்துவிடுகிறார்கள். அது போதாது. தம்பி மக்கள் இயக்கத்தின் மனிதர். அண்ணன் சட்டமன்றத்தின் மனிதர். ஆட்சியில் உட்கார்ந்து கோப்பில் கையெழுத்திட்டவர், அதனால் வரும் பழியையும் சுமந்தவர். பாகிஸ்தானில் மாகாண அரசுகள் ஏன் நிலைக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, தம்பியின் வாழ்க்கையைவிட அண்ணனின் வாழ்க்கையே அதிகம் உதவுகிறது.

இயற்பெயர் அப்துல் ஜப்பார் கான். ‘கான் சாகிப்’ என்பது பிரிட்டிஷ் அரசு விசுவாசிகளுக்கு வழங்கிய பட்டமும்கூட. இவருக்கோ அது ஊர் அழைத்த பெயர். பெஷாவரை அடுத்த சார்சத்தா பகுதியில், உத்மன்சாய் என்ற ஊரில் 1880-களின் தொடக்கத்தில் பிறந்தார். தந்தை பஹ்ராம் கான் நிலக்கிழார். பெஷாவர் எட்வர்ட்ஸ் மிஷன் பள்ளி, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரி, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை என்று படிப்பு நீண்டது. மேரி என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். முதல் உலகப் போரில் பிரான்ஸில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். ஊர் திரும்பியதும் மர்தானில் ராணுவ மருத்துவப் பணி. அப்போது வசீரிஸ்தானில் பஷ்தூன் பழங்குடிகள்மீது பிரிட்டிஷ் படை நடவடிக்கை எடுத்துக்கொண்டிருந்தது. அங்கே போகச் சொன்னபோது மறுத்தார். 1921-ல் பணியை உதறினார். தன் மக்களைச் சுடும் படைக்கு வைத்தியம் பார்க்க மாட்டேன் என்ற அந்த முடிவோடு அவருடைய அரசியல் தொடங்கியது என்று சொல்லலாம்.

1929-ல் தம்பி ‘குதாயி கித்மத்கார்’, அதாவது இறைப்பணியாளர்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். செங்கல் நிறச் சட்டை அணிந்ததால் ‘செஞ்சட்டைக்காரர்கள்’ என்றும் அழைக்கப்பட்டார்கள். துப்பாக்கியை உடுப்பின் ஒரு பகுதியாகவே கருதிய சமூகத்தில் ஆயுதம் ஏந்தாத படை ஒன்று உருவானது. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில், கையில் எதுவும் இல்லாமல் நின்ற கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சுட மறுத்த கடுவால் படைப்பிரிவினர் ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் சகோதரர்கள் இருவரும் கைதாகி ஹசாரிபாக் சிறைக்குப் போனார்கள். 1934-ல் விடுதலை கிடைத்தது. சொந்த மாகாணத்துக்குள் நுழையத் தடை நீடித்தது. வார்தாவில் காந்தியருகே தங்கினார்கள். ஊருக்குள் காலெடுத்து வைக்க முடியாத நிலையிலேயே கான் சாகிப் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நாற்காலியும் நிலமும்

எல்லைப்புறம் 1901-ல் பஞ்சாபிலிருந்து பிரிக்கப்பட்ட மாகாணம். மற்ற மாகாணங்களுக்குக் கிடைத்த சீர்திருத்தங்கள் இங்கே 1932-ல்தான் எட்டின. 1937 தேர்தலில் 50 பேர் கொண்ட அவையில், கான் சகோதரர்கள் சேர்ந்திருந்த காங்கிரஸுக்கு 19 இடங்கள். முதலில் அரசு அமைத்தவர் சர் அப்துல் கய்யூம். அவருடைய அரசு ஐந்து மாதங்களில் அவையில் தோற்றது. செப்டம்பரில் கான் சாகிப் மாகாணப் பிரதமரானார். மாகாண முதல்வரை அப்போது பிரதமர் என்றே அழைத்தார்கள். சென்னையில் ராஜாஜி வகித்ததும் இதே பதவிதான்.

அவர் முதலில் கைவைத்தது கௌரவ மாஜிஸ்திரேட் முறையில். ஊர்ப் பெரிய நிலக்கிழார்களான கான்களுக்கு அரசு அளித்திருந்த நீதிபதி அதிகாரம் அது. தன் குத்தகைதாரரின் வழக்கை நிலக்கிழாரே விசாரிக்கும் முறை எவ்வளவு கொடுமையானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதை ஒழித்தார். விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கவும் சட்டம் கொண்டுவந்தார். தானே ஒரு கான் குடும்பத்தில் பிறந்தவர், தன் வர்க்கத்தின் சலுகையை வெட்டினார் என்பதை மறுக்க முடியாது. ஆனால் எல்லை ஒன்று இருந்தது. 1938-ல் மர்தான் பக்கம் கல்லா டேர் கிராமத்தில், தோரு நவாபின் குத்தகை விவசாயிகள் வெளியேற்றத்தை எதிர்த்துக் கிளர்ந்தபோது, அவர்களைச் சிறையில் தள்ளியதும் கான் சாகிபின் அரசுதான். செஞ்சட்டை அணிந்த ஏழைகளின் ஆதரவில் வந்த அரசு நிலக்கிழாரின் வேலிக்குக் காவல் நின்றது. அவரைப் போற்றி எழுதுவோர் பலரும் இதைத் தொடுவதில்லை. எனக்கு அது நேர்மையாகப் படவில்லை.

போரையொட்டி 1939-ல் காங்கிரஸ் அரசுகள் விலகியபோது இவரும் விலகினார். 1943-ல் முஸ்லிம் லீகின் ஔரங்கசீப் கான் ஆட்சி அமைத்தார். 1945 மார்ச்சில் அவர் அவையில் தோற்க, கான் சாகிப் திரும்பவும் வந்தார். 1946 தேர்தலில் காங்கிரஸுக்கு 30 இடங்கள், லீகுக்கு 17. முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகளிலேயே காங்கிரஸ் 19-ஐ வென்றது. இந்திய முஸ்லிம்களின் ஒரே குரல் தாங்களே என்று லீக் சொல்லிவந்த காலத்தில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஒரு மாகாணம் வேறு பதிலைச் சொன்னது.

1947: இரண்டே பெட்டிகள்

அந்தப் பதில் நிலைக்கவில்லை. பீகாரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்ட செய்திகள் எல்லைப்புறத்தைக் கொந்தளிக்கவைத்தன. 1946 அக்டோபரில் நேரு பழங்குடிப் பகுதிகளுக்கு வந்தபோது மலாகண்டில் அவருடைய வாகனத்தின்மீது கல் பறந்தது. உடனிருந்த கான் சகோதரர்களுக்கும் காயம். 1947 பிப்ரவரி முதல் லீக் சட்டமறுப்புப் போராட்டம் நடத்தியது. பெரும்பான்மை இருந்த அரசு தெருவில் பிடி தளர்ந்தது.

நாட்டைப் பிரிக்கும் ஜூன் 3 திட்டம் எல்லைப்புறத்துக்குப் பொதுவாக்கெடுப்பை அறிவித்தது. இந்தியாவா, பாகிஸ்தானா என்று இரண்டே தெரிவுகள். மேற்குப் பஞ்சாப் பாகிஸ்தானுக்குப் போன பிறகு, இந்தியாவோடு இந்த மாகாணத்துக்கு நிலத் தொடர்பே இருக்காது. ஆக, கேள்வியிலேயே பாதிப் பதில் இருந்தது. ஜூன் 21 அன்று பன்னுவில் கூடிய குதாயி கித்மத்கார்கள் பஷ்தூன்களுக்குத் தனி நாடு என்ற மூன்றாவது தெரிவைக் கேட்டார்கள். மறுக்கப்பட்டது, வாக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். ஜூலை 6 முதல் 17 வரை நடந்த வாக்கெடுப்பில் பாகிஸ்தானுக்கு 2,89,244 வாக்குகள், இந்தியாவுக்கு 2,874. மொத்த வாக்காளர்கள் 5,72,798 பேர். பாகிஸ்தானுக்குக் கிடைத்தது மொத்த வாக்காளர்களில் பாதிக்குச் சற்று மேல். 1941 கணக்கெடுப்பின்படி மாகாண மக்கள்தொகையோ சுமார் 30 லட்சம். சொத்து, படிப்பு போன்ற தகுதி உள்ளவர்களுக்கே அன்று வாக்குரிமை.

புறக்கணிப்பு தவறு என்றே நான் நினைக்கிறேன். களத்தில் நிற்காதவரின் வாக்கை யாரும் எண்ண முடியாது. அதே நேரம், இந்த முடிவைக் காட்டி மாகாண அரசைக் கலைத்ததும் சரியல்ல. நாட்டையே எதிர்த்தவர் எப்படி ஆளலாம் என்று லீக் கேட்டது. அரசியல்ரீதியாக அதில் நியாயம் உண்டு. அதற்கு வழி அவையைக் கூட்டுவது, அல்லது புதிய தேர்தல். இரண்டும் நடக்கவில்லை. முன்பு மத்திய சட்டமன்றத்தில் காங்கிரஸின் துணைத் தலைவராக இருந்து லீகுக்குத் தாவிய அப்துல் கய்யூம் கான் (1937-ல் ஆண்ட சர் அப்துல் கய்யூம் வேறு) முதல்வராக்கப்பட்டார். செப்டம்பர் தொடக்கத்தில் சர்தர்யாபில் கூடிய குதாயி கித்மத்கார்கள், பாகிஸ்தான் தங்கள் நாடு என்று தீர்மானம் போட்டார்கள். பயனில்லை. 1948 ஆகஸ்ட் 12 அன்று சார்சத்தா அருகே பாப்ராவில் அவர்களுடைய கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கான் சாகிப் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்.

ஒரு முறை திறந்த வழி மூடவில்லை. 1948 ஏப்ரலில் சிந்து முதல்வர் அயூப் குரோ நீக்கப்பட்டார். 1949 ஜனவரியில் பஞ்சாப் அரசு போனது. 1953-ல் பிரதமர் நாஜிமுதீனே நீக்கப்பட்டார். கிழக்கு வங்கத்தில் பெருவெற்றி பெற்ற ஐக்கிய முன்னணி அரசு 1954 மே மாதம், பதவியேற்று இரண்டு மாதம்கூட முடியாத நிலையில் கலைக்கப்பட்டது. அக்டோபரில் அரசியலமைப்பு அவையையே கவர்னர் ஜெனரல் குலாம் முகமது கலைத்தார்.

மேலிருந்து வந்த பதவி

இந்தக் கதையின் மிகக் கடினமான பகுதி இங்கேதான் வருகிறது. அந்த அவையைக் கலைத்துவிட்டு குலாம் முகமது அமைத்த மத்திய அமைச்சரவையில், போக்குவரத்து-தகவல்தொடர்பு அமைச்சராகச் சேர்ந்தவர் டாக்டர் கான் சாகிப். வாக்கெடுப்பின்றி வெளியேற்றப்பட்டவர், வாக்கெடுப்பின்றி உள்ளே அழைக்கப்பட்டார்.

மக்கள்தொகையில் கிழக்கு வங்கமே பெரிது. அதற்கு ஈடுகட்ட மேற்கிலுள்ள எல்லா மாகாணங்களையும் ஒன்றாக்கும் ‘ஒரே அலகு’ திட்டம் 1955 அக்டோபர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. தலைநகர் லாகூர். புதிய மேற்குப் பாகிஸ்தான் மாகாணத்தின் முதல் முதலமைச்சர் கான் சாகிப். எந்த எல்லைப்புற மாகாணத்தை இரண்டு முறை ஆண்டாரோ, அந்த மாகாணம் வரைபடத்திலிருந்து மறைந்த நாளில் அவர் பதவியேற்றார். தம்பி ஊர் ஊராகப் போய்த் திட்டத்தை எதிர்த்தார். 1956-ல் கைது செய்யப்பட்டார். அண்ணன் முதல்வர், தம்பி சிறையில்.

ஏன் ஒத்துக்கொண்டார்? ஏழாண்டு ஒதுக்கலுக்குப் பின் வந்த வாய்ப்பு என்பார்கள் சிலர். இஸ்கந்தர் மிர்சாவுடனான பழைய நட்பு என்பார்கள் வேறு சிலர். மிர்சா எல்லைப்புறத்தில் அதிகாரியாக இருந்தவர், பின்னர் குடியரசுத் தலைவரானவர். எனக்குத் தோன்றுவது வேறு: கட்சியின் பலத்தால் பதவியைக் காக்க முடியாது என்று 1947-ல் நேரடியாகக் கற்றவர் அவர். மேலே இருப்பவரின் தயவே நிலைக்கும் என்று எண்ணியிருக்கலாம். அதுவும் நிலைக்கவில்லை. 1956-ல் லீக் அவரைக் கைவிட்டபோது மிர்சாவின் ஆதரவோடு ரிபப்ளிகன் கட்சி பிறந்தது. லீக் உறுப்பினர்கள் கூட்டமாக அதற்குத் தாவினார்கள். 1957 மார்ச்சில் அவையில் பெரும்பான்மை ஆட்டம் கண்டபோது, வாக்கெடுப்புக்கு முன்பே குடியரசுத் தலைவர் ஆட்சி அறிவிக்கப்பட்டது. ஜூலையில் அவை திரும்பியபோது சர்தார் அப்துர் ரஷீத் முதல்வரானார்.

1958 மே 9 காலை. லாகூர் எய்க்மன் சாலையில் மகன் வீட்டுத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். 1959 பிப்ரவரியில் நடக்கவிருந்த பொதுத்தேர்தல் தொடர்பான கூட்டத்துக்குப் போக, ஜங் பகுதித் தலைவர் கர்னல் ஆபித் ஹுசைனுக்காகக் காத்திருந்தார். வேலையிலிருந்து நீக்கப்பட்ட பட்வாரி ஒருவர் உள்ளே வந்து கத்தியால் குத்தினார். பட்வாரி என்பவர் நம் ஊர்ப் பழைய கர்ணம் போல, நிலக் கணக்கு எழுதும் கடைநிலை அரசு ஊழியர். எழுபதைத் தாண்டிய மருத்துவர் உயிரிழந்தார். உத்மன்சாயில் மேரியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் ஆயத்தமாகிக்கொண்டிருந்த தேர்தல் நடக்கவே இல்லை. ஐந்து மாதங்களில் மிர்சா ராணுவச் சட்டத்தை அறிவித்தார். மூன்று வாரங்களில் அவரையே தள்ளிவிட்டு ராணுவத் தளபதி அயூப் கான் அமர்ந்தார். ‘ஒரே அலகு’ 1970 ஜூலை 1 அன்று கலைந்து எல்லைப்புற மாகாணம் திரும்ப வந்தது. வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் பாகிஸ்தானில் அதே ஆண்டு டிசம்பரில் நடந்தது.