தேவாலா மழைக்குக் கணக்கு வைத்தவர்

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் போதும், செய்தியில் தேவாலாவின் பெயர் அடிபடத் தொடங்கிவிடும். கேரளத்தைப் பார்த்த மலைச்சரிவு இது. அரபிக்கடலிலிருந்து ஏறிவரும் மேகம் இங்கே கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சம் மீதியோடுதான் ஊட்டிக்குப் போகும்.

அந்தச் செய்தியில் 'இத்தனை செ.மீ. மழை' என்று வரும் கணக்கு காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுவது. மழைமானியில் சேர்ந்த நீரை அளவுக் குடுவையில் ஊற்றி, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் படிக்க வேண்டும். 200 சதுர செ.மீ. வாயுள்ள மானியில் 20 மி.லி. சேர்ந்தால் 1 மி.மீ. மழை. ஒரு ஏக்கர் தேயிலையில் 10 செ.மீ. பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர். மானியின் வாய் நெளிந்து நூற்றுக்கு ஐந்து பிசகினாலே 20,000 லிட்டர் கணக்கில் காணாமல் போகும்!

இந்தப் பிசகைப் பொறுக்காதவர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில், ஏலத்தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். அதுவும் மழைக்குப் பேர்போன மலைதான். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்றாராம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி.ராமனிடம் வைரத்தையே ஆராய்ந்தார். இரவெல்லாம் விழித்து ஒளிப்படத் தகடுகளில் நிறமாலை பிடித்தார். ஆய்வேட்டையும் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தை மறுத்தது. விதி விதிதான், ஆனாலும் நஷ்டம் பல்கலைக்கழகத்துக்கே என்பேன்.

1945இல் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் படித்தார். 1948இல் புனே வானிலைத் துறையில் சேர்ந்தார். சாதாரணக் கருவிகூடக் கப்பலில் வந்த காலம் அது. ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைச் சீர்ப்படுத்தி, இங்கேயே செய்ய வழிசெய்தார். பட்டறையில் அவருக்குக் கீழே இருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள். தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருக்கலாம் என்பது அவர் கட்சி.

1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றபின்பும் அவர் சும்மா இருக்கவில்லை. சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளை 1980இல் நூலாக்கினார். பெங்களூரில் கருவிப் பட்டறை ஒன்றையும் தொடங்கினார். அங்கே தயாரானவை காற்றின் வேகத்தையும் வெயிலின் வலுவையும் அளக்கும் கருவிகள்.